இரண்டு பாய்லர்கள்

எங்கள் கும்பகோணத்து வீட்டுக் கொல்லையில் ஒரு செப்பு பாய்லர் இருக்கிறது. என் மாமியார் காலத்தது. நடுவிலே புகை போகும் குழாய், அடியிலே கரித்தட்டு, பக்கத்தில் ஒரு பித்தளைக் குழாய். இரண்டு தேங்காய் மட்டை, ஒரு கை சிராய், கொஞ்சம் வரட்டி. அவ்வளவுதான், கால் மணி நேரத்தில் ஆவி பறக்க வெந்நீர்! அது மக்கர் செய்தால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். சாம்பலைத் தள்ள வேண்டும், ஊதுகுழலால் இரண்டு ஊது ஊத வேண்டும். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளாக அது என்னை ஒரு நாளும் கைவிட்டதில்லை.

ஆகவே 2022 நவம்பர் மாதம், இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்தில் இருக்கும் என் பெண்ணின் பிரசவத்துக்காக நான் போயிருந்தபோது, அவள் சமையலறை அலமாரியைத் திறந்து ஒரு வெள்ளைத் தகரப் பெட்டியைக் காட்டி, "அம்மா, இதுதான் எங்க பாய்லர்" என்று சொன்னதும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. கரி இல்லை, சாம்பல் இல்லை, புகை இல்லை. இது ஒரு பாய்லரா என்று மனசுக்குள் நினைத்துக் கொண்டேன். அந்தப் பெட்டி என் சிரிப்பை ஞாபகம் வைத்திருந்தது போலிருக்கிறது!

செங்கல் ஊர்

லண்டனில் இறங்கி, கிங்ஸ் கிராஸ் ஸ்டேஷனில் ரயில் ஏறினால் இரண்டேகால் மணி நேரத்தில் லீட்ஸ். யார்க்‌ஷயர் மாகாணத்தில், அயர் என்ற நதிக்கரையில் இருக்கிறது. ஒரு காலத்தில் கம்பளித் துணிக்குப் பேர் போன ஊராம். எங்கே பார்த்தாலும் செங்கல் வீடுகள். ஒன்றோடொன்று தோளோடு தோள் ஒட்டிக்கொண்டு, மேட்டிலும் பள்ளத்திலும் வரிசை வரிசையாக நிற்கின்றன. நம் ஊர் அக்கிரகாரத்தைப் போலத்தான், ஆனால் திண்ணை கிடையாது. தெருவில் உட்கார்ந்து பேச ஒரு ஜீவனும் கிடையாது.

கிர்க்கேட் மார்க்கெட் என்று ஒரு பெரிய சந்தை இருக்கிறது. 1884-ல் மைக்கேல் மார்க்ஸ் என்பவர் அங்கேதான் 'எதை எடுத்தாலும் ஒரு பென்னி' என்று ஒரு சின்னக் கடை போட்டாராம். அதுதான் பிற்பாடு உலகமெல்லாம் தெரிந்த மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் ஆயிற்று. நம் ஊர் திருவிழாக் கடையில் எதை எடுத்தாலும் பத்து ரூபாய் என்று கூவுகிறவர்களைப் பார்த்தால் இனிமேல் எனக்கு அவர் ஞாபகம்தான் வரும்.

டிசம்பர் மாதத்தில் அங்கே சூரியன் எழுந்திருக்கவே காலை எட்டே கால் ஆகிறது. சாயங்காலம் மூன்றே முக்காலுக்கெல்லாம் விளக்கேற்ற வேண்டும். கோலம் போட்டால் பார்க்க ஆளில்லை, துணி காயப் போட்டால் காய வெயிலில்லை. ஆனாலும் வீட்டுக்குள் இதமான சூடு. ஒவ்வோர் அறையிலும் ஜன்னலுக்குக் கீழே ரேடியேட்டர் என்று ஓர் இரும்புப் பலகை. அந்த வெள்ளைப் பெட்டிதான் கேஸில் தண்ணீரைச் சுட வைத்து, குழாய் வழியாக இந்தப் பலகைகளுக்கெல்லாம் சுற்றிச் சுற்றி அனுப்புகிறது. குளிக்கிற வெந்நீரும் அதிலிருந்தே வருகிறது. கூடத்துச் சுவரில் தெர்மாஸ்டாட் என்று ஒரு திருகு. எத்தனை டிகிரி வேண்டுமோ அதில் வைத்துவிட்டால், மற்றதைப் பெட்டியே பார்த்துக்கொள்ளும்.

நவம்பர் கடைசி வாரத்தில் பேரன் பிறந்தான். சுகப் பிரசவம்தான், நாலு தையலோடு. நர்ஸ் அம்மா ஒருவர் வீடு தேடி வந்து பார்த்தார். குழந்தை தூங்கும் அறை 16 டிகிரியிலிருந்து 20 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்றார். நானோ கம்பளிக் குல்லாய், மூன்று சால்வை என்று பேரனை மூட்டையாகக் கட்டி வைத்திருந்தேன். அவர் சிரித்துக்கொண்டே குல்லாயைக் கழற்றினார். வீட்டுக்குள் தூங்கும்போது தலையை மூடக் கூடாதாம். பச்சைக் குழந்தைக்குச் சூடு அதிகமாவதும் ஆபத்துதானாம். கை கால் ஜில்லென்று இருப்பதைப் பார்த்துப் பயப்படாமல், மார்பிலோ பிடரியிலோ கை வைத்துப் பார்க்கச் சொன்னார். மூன்று தலைமுறைக் குழந்தைகளைக் கையில் வாங்கிய எனக்கே பாடமா என்று முதலில் கொஞ்சம் ரோஷம் வந்தது. சொல்வது சரியென்று பட்டதும் கேட்டுக்கொண்டேன்.

மீட்டர் ஓடுகிறது

அந்த வருஷம் அங்கே எல்லோர் வாயிலும் ஒரே பேச்சு, கேஸ் விலை. பிப்ரவரியில் உக்ரைன் சண்டை ஆரம்பித்ததிலிருந்து விலை எகிறிவிட்டது. அக்டோபரிலிருந்து அரசாங்கமே ஒவ்வொரு வீட்டுக்கும் 400 பவுன், ஆறு மாதத்தில் பிரித்துக் கழித்துக் கொடுத்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். சமையலறை மேடையில் ஒரு சின்ன டப்பா. இன்றைக்கு இத்தனை பவுன் என்று அதில் எண் ஏறிக்கொண்டே இருக்கும். ஆட்டோ மீட்டரைப் பார்த்தாற்போல எனக்கு வயிற்றைக் கலக்கும்!

ஒரு நாள் ராத்திரி மாப்பிள்ளை கணக்கு நோட்டை வைத்துக்கொண்டு நெற்றியைத் தேய்த்தபடி உட்கார்ந்திருந்தார். நான் பால் கொண்டு போனதும் நோட்டை மூடிவிட்டார். அவர் மூடியதுதான் என் மனசில் தைத்தது. நான் வந்து ஒரு மாசமாக நாள் முழுக்க வெந்நீர், கஷாயம், குழந்தைத் துணி அலசல். என்னால்தானே இந்தச் செலவு என்று தோன்றிவிட்டது.

அன்றிலிருந்து ஒரு காரியம் செய்தேன். எல்லோரும் படுத்த பிறகு, பூனை மாதிரி இறங்கி வந்து, 18-ல் இருக்கும் தெர்மாஸ்டாட்டைப் பன்னிரண்டுக்குத் திருகிவிடுவேன். விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து மறுபடி பதினெட்டில் வைத்துவிடுவேன். குழந்தை அறைத் தெர்மாமீட்டர் 16-க்குக் கீழே போகவில்லை என்று பார்த்துக்கொண்டுதான் செய்தேன். வேண்டாத விளக்கை அணைக்கிற மாதிரி இதுவும் ஒரு சிக்கனம் என்று பெருமைதான். யாரிடமும் சொல்லவில்லை.

அந்த விடியல்

டிசம்பர் இரண்டாம் வாரம். இங்கிலாந்து முழுவதும் கடுங்குளிர். நாலைந்து நாளாகத் தெருவில் கிடந்த தண்ணீரெல்லாம் கண்ணாடியாகிக் கிடந்தது. மாப்பிள்ளைக்கு அப்பா ஆனதற்கான லீவு முடிந்து, திங்கட்கிழமை ஆபீஸ் வேலையாக லண்டன் போனார். 13, 14 தேதிகளில் நாடு முழுக்க ரயில் வேலை நிறுத்தம். பதினைந்தாம் தேதிதான் திரும்ப முடியும் என்று போன் செய்தார்.

பதினாலாம் தேதி. மார்கழி பிறக்க இன்னும் இரண்டே நாள். வழக்கம் போல நாலரைக்கு இறங்கி வந்து திருகைப் பதினெட்டில் வைத்தேன். எப்போதும் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். பிறகு சமையலறையில் 'உம்' என்று பெட்டி முனகும். அன்றைக்கு 'டிக்' வந்தது. முனகலுக்குப் பதிலாக, ஸ்ட்ரா போட்டுக் கலர் உறிஞ்சுகிற குழந்தை கடைசியில் ஒரு சத்தம் போடுமே, அந்த மாதிரி 'களக் களக் களக்'. பிறகு நிசப்தம். பெட்டியின் முகத்தில் ஓர் எழுத்தும் எண்ணுமாகச் சிவப்பில் மினுக்கிக் கொண்டிருந்தது.

ரேடியேட்டரைத் தொட்டேன். அம்மிக்கல் மாதிரி ஜில்லிட்டிருந்தது. வெந்நீர்க் குழாயைத் திறந்தேன். விரல் விறைத்துப் போயிற்று. மாடிக்கு ஓடி தெர்மாமீட்டரைப் பார்த்தால் 14! நான்தான் திருகித் திருகி அதை உடைத்துவிட்டேன் என்று நினைத்தேன். என் கால் நடுங்கியது குளிரினால் இல்லை.

யாரையும் எழுப்பாமல் எப்படியாவது சரி பண்ணிவிட வேண்டும் என்ற பதற்றத்தில் நான் செய்த காரியத்தை இப்போது நினைத்தாலும் உடம்பு சிலிர்க்கிறது. சமையலறைக் கதவைச் சாத்தினேன். ஜன்னல் ஏற்கெனவே சாத்தித்தான் இருந்தது. கேஸ் அடுப்பில் நாலு பர்னரையும் பெரிதாக ஏற்றி வைத்தேன். அறை சூடானதும் பெண்ணையும் பேரனையும் கொண்டு வந்து அங்கேயே உட்கார வைத்துவிடலாம் என்று எண்ணம். ஊரில் மாமியார் காலத்தில், பிரசவ அறையில் கும்முட்டி அடுப்பில் கனல் போட்டு வைப்பார்களே, அந்த ஞாபகம்.

நல்ல வேளை, பாத்திரச் சத்தம் கேட்டுப் பெண் இறங்கி வந்துவிட்டாள்.

"அம்மா, என்ன பண்றே? முதல்ல அடுப்பை அணை! கதவைத் திற!"

அவள் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. அடுப்பை அணைத்து, அந்தக் குளிரிலும் கொல்லைக் கதவை ஐந்து நிமிஷம் திறந்து வைத்தாள். பிறகுதான் சொன்னாள். மூடிய அறையில் கேஸோ கரியோ எரிந்தால் காற்று குறைந்துபோய், கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு சேர்ந்துவிடும். அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் என்று வரும்; காய்ச்சலோ என்று படுத்தால் எழுந்திருக்கவே மாட்டோம். பச்சைக் குழந்தைக்குச் சொல்லவே வேண்டாம். கரி அடுப்பு இதில் இன்னும் மோசம். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் அறைக்குள் கரி அடுப்பை வைத்துக்கொண்டு படுத்தவர்கள் உயிரை விட்ட செய்தியை நாமும் பேப்பரில் படித்திருக்கிறோமே! நம் பழைய வீட்டில் ஓட்டு இடுக்கும் முற்றமும் இருந்தன. கும்முட்டி அடுப்பு நம்மைப் பிழைக்க விட்டது. அங்கேயோ ஓர் ஈ நுழைய இடமில்லாமல் கட்டிய வீடு.

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. "நான்தான்டி ராத்திரி ராத்திரி திருகிக் குறைச்சு வச்சேன். என்னாலதான் கெட்டுப் போச்சு."

"எத்தனை நாளா?"

"நாலு நாளா."

அவள் ஒன்றும் சொல்லவில்லை. மாடிக்குப் போய்க் குழந்தையை எடுத்துத் தன் மார்போடு, தோலோடு தோலாக அணைத்து, இருவருக்கும் சேர்த்துக் கம்பளியைச் சுற்றிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் கண்ணயரும்படி இருந்தால் குழந்தையை வாங்கித் தொட்டிலில் போட்டுவிடு என்று மட்டும் சொன்னாள். மார்பில் குழந்தையை வைத்துக்கொண்டு நாற்காலியில் தூங்கிவிடக் கூடாதாம். நான் எதிரே உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பேசாமல் இருந்தாளே, அது குளிரைவிட அதிகமாகக் குத்தியது.

பக்கத்து வீட்டுப் பாட்டி

வீட்டுக்காரரின் ரிப்பேர் நம்பருக்குப் போன் செய்தாள். கைக்குழந்தை இருக்கிறதென்று சொன்னதும் அன்றைக்கே ஆள் அனுப்புவதாகச் சொன்னார்கள், ஆனால் மதியம் மூன்று மணி ஆகுமாம். ஏழு மணிக்குப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள்.

பக்கத்து வீட்டில் தனியாக ஒரு பாட்டி. எழுபது தாண்டியவள். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்து ரிட்டயரானவளாம். அந்த ஊர்க்காரர்கள் பால்காரன் முதல் பஸ் டிரைவர் வரை எல்லோரையும் 'லவ்' என்றுதான் கூப்பிடுவார்கள். நம் ஊரில் 'கண்ணு' என்கிற மாதிரி. இடது கையில் டார்ச், வலது கையில் ரப்பர் வெந்நீர்ப் பை, ராத்திரி கவுனுக்கு மேல் கோட்டு. வந்தவள் முதலில் தன் வீட்டு எலெக்ட்ரிக் ஹீட்டரைக் கொண்டு வந்து படுக்கையறையில் வைத்தாள். தொட்டிலுக்கும் திரைச்சீலைக்கும் எட்டவே, நேராகச் சுவர் பிளக்கில்தான் செருகினாள். வெந்நீர்ப் பை குழந்தைக்கு இல்லை, தொட்டிலில் அதை வைக்கவே கூடாது என்று விரலை ஆட்டிச் சொன்னாள். பிறகு பெட்டியிடம் வந்து நின்றாள்.

பெட்டியைத் திறக்கவே இல்லை! டாக்டர் நாடி பிடிக்கிற மாதிரி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். என் பெண் எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

முதலில், கேஸ் வருகிறதா? அடுப்பு எரிந்ததே, வருகிறது. (சில வீடுகளில் முன்பணம் கட்டும் மீட்டர். பணம் தீர்ந்திருந்தாலும் பாய்லர் நின்றுவிடுமாம்.) கரண்ட் வருகிறதா? பெட்டியில் விளக்கு மினுக்குகிறது, வருகிறது. தெர்மாஸ்டாட்டில் பேட்டரி இருக்கிறதா, அறைச் சூட்டைவிட அதிகத்தில் வைத்திருக்கிறதா? இருக்கிறது, இப்போது 20-ல். அடுத்தது பெட்டியின் கீழே பிரஷர் காட்டும் முள். குளிர்ந்திருக்கும்போது அது ஒன்றிலிருந்து ஒன்றரைக்குள் நிற்க வேண்டும். அதற்குக் கீழே இறங்கிவிட்டால், அந்த பாய்லருக்கான புத்தகத்தில் சொல்லியபடி கீழே இருக்கும் சின்னத் திருகைத் திறந்து தண்ணீர் ஏற்றிக்கொள்ளலாம். அடிக்கடி இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். எங்கள் முள் சரியாகத்தான் நின்றது. கடைசியாக 'ரீஸெட்' பொத்தான். ஒரு தரம் அழுத்தினாள். பெட்டி மூச்சு இழுத்தது. 'களக் களக் களக்.' மறுபடி நின்றது, அதே சிவப்பு எழுத்து.

பாட்டியின் முகம் மலர்ந்துவிட்டது! "கொல்லைப் பக்கம் வா, லவ்" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

குழந்தையைக் குளிப்பாட்டும் பதம்

சமையலறைச் சுவரைத் துளைத்துக்கொண்டு வெள்ளை பிளாஸ்டிக் குழாய் ஒன்று, விரல் பருமன்தான், வெளியே வந்து சாக்கடை வரை இறங்குகிறது. அதைத்தான் காட்டினாள்.

சோற்றுப் பானையின் மூடியைத் திறந்தால் உள்பக்கம் தண்ணீர் சொட்டுமில்லையா? கேஸ் எரியும்போது அதிலும் ஆவி உண்டாகிறது. பழைய பாய்லரில் அந்த ஆவி புகையோடு வெளியே போய்விடும். இப்போதைய பாய்லர்கள் அந்த ஆவியையும் விடாமல் குளிரவைத்துத் தண்ணீராக்கி, அதிலிருக்கும் சூட்டையும் பிடித்து வைத்துக்கொள்கின்றன. கேஸ் மிச்சம். இங்கிலாந்தில் 2005-லிருந்து புதிதாக வைக்கும் கேஸ் பாய்லரெல்லாம் பெரும்பாலும் இந்த ரகம்தான். அந்தத் தண்ணீரில் லேசான புளிப்பு இருப்பதால் செப்புக் குழாய் தாங்காது, பிளாஸ்டிக் குழாய். அது சொட்டுச் சொட்டாக வெளியே போகும். கடுங்குளிரில் வெளிக்குழாய்க்குள் அந்தச் சொட்டு உறைந்து அடைத்துக்கொண்டால், தண்ணீர் போக வழியில்லாமல் பெட்டிக்குள்ளேயே தேங்கும். அதுதான் 'களக் களக்'. உடனே பெட்டி தன்னைத் தானே நிறுத்திக்கொள்கிறது. அது கெட்டுப் போகவே இல்லை, தன்னைக் காப்பாற்றிக்கொண்டது!

"வெதுவெதுன்னு தண்ணி வேணும், கொதிக்கக் கொதிக்க ஊத்தக் கூடாதாம், குழாய் வெடிச்சுடுமாம்" என்றாள் பெண். பாட்டி எவ்வளவு சூடு என்று விளக்கக் கையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். நான் கெட்டில் வெந்நீரில் பச்சைத் தண்ணீர் விட்டு விளாவி, முழங்கையை முக்கிப் பார்த்தேன். பாட்டி 'ஹா!' என்று சிரித்துவிட்டுத் தானும் முழங்கையை முக்கினாள். அந்த ஊரிலும் குழந்தையைக் குளிப்பாட்ட முழங்கையால்தான் பதம் பார்ப்பார்களாம்! அதற்குப் பிறகு எங்களுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

குழாய் வளைகிற இடத்திலும், கடைசியில் சாக்கடையில் முடிகிற இடத்திலும்தான் முதலில் உறையுமாம். அங்கே வெந்நீர்ப் பையைச் சுற்றிக் கட்டினோம். மேலிருந்து கீழாகக் குவளை குவளையாக நான் ஊற்றினேன். கைக்கு எட்டுகிற உயரத்தில் இருந்ததால் செய்தோம். உயரத்தில் இருந்தால் பனியில் ஏணி போட்டு ஏறவே கூடாது, ஆளைத்தான் கூப்பிட வேண்டும். நான் ஊற்றிய தண்ணீர் தரையில் அப்படியே பனிக்கட்டியாகி ஒருவரும் வழுக்கி விழக்கூடாதென்று பாட்டி உப்பை அள்ளித் தூவினாள். ஐந்தாறு கெட்டில் ஆயிற்று. புடவை நுனி விறைத்துக் கஞ்சி போட்டது போல் நின்றது. எட்டே கால் மணிக்கு, சூரியன் எட்டிப் பார்க்கிற நேரம், குழாய்க்குள் 'சளக்' என்று ஒரு சத்தம். விரல் நீளத்துக்கு ஒரு பனிக்கட்டி வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது. பின்னாலேயே தண்ணீர்.

உள்ளே ஓடி வந்து ரீஸெட்டை அழுத்தினாள் என் பெண். டிக். ஒரு வினாடி. இரண்டு வினாடி. 'உம்ம்ம்...'

எங்கள் மூன்று பேரில் யார் முதலில் கை தட்டினோம் என்று தெரியவில்லை. ஒன்பதரை மணிக்குக் குழந்தை அறை 17. பிடரியில் கை வைத்துப் பார்த்தேன். இதமாக இருந்தது.

கார்டு கொண்டு வந்த மெக்கானிக்

சொன்னபடி மூன்று மணிக்கு மெக்கானிக் வந்தார். சரியாகிவிட்டது என்று திருப்பி அனுப்பவில்லை. வந்தவுடன் அவரே படம் ஒட்டிய ஓர் அட்டையை நீட்டினார். 'கேஸ் சேஃப்' பதிவேட்டில் பெயர் உள்ளவர்கள்தான் அந்த நாட்டில் கேஸ் சாதனத்தில் வேலை செய்யலாம். 2009-லிருந்து இந்த ஏற்பாடு. என்னென்ன வேலைக்குத் தகுதி என்று அட்டையின் பின்பக்கம் இருக்கும். வாடகை வீடானால் வருஷத்துக்கு ஒரு முறை இப்படி ஒருவரை வைத்துச் சோதித்துச் சான்றிதழ் கொடுப்பது வீட்டுக்காரர் கடமை. பெட்டி இருக்கும் அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரம் வைப்பதும் அந்த 2022 அக்டோபரிலிருந்து அவர் கடமையாகிவிட்டது. எங்கள் அலாரம் இருந்தது. பொத்தானை அழுத்திப் பார்த்தார், 'கீ' என்று கத்தியது. நானும் கொஞ்சம் காதைப் பொத்திக்கொண்டேன், காலையில் அது எனக்காகக் கத்தியிருக்க வேண்டியது.

வெளிக்குழாயைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினார். வெளியில் ஓடும் குழாய் இன்னும் பருமனாக, 32 மில்லிமீட்டர் இருந்தால் நல்லது. அதற்கு உறையும் போட்டிருக்க வேண்டும் என்றார். அன்றைக்கே கறுப்பு நுரை உறை ஒன்றைச் சுற்றிவிட்டார்.

எனக்கு அடக்க முடியவில்லை. ராத்திரி குறைத்து வைத்ததால்தான் ஆயிற்றா என்று பெண்ணை விட்டுக் கேட்கச் சொன்னேன். அவர் யோசித்துச் சொன்னார். உறை போடாததுதான் முதல் காரணம், இந்தக் குளிரில் எப்படியும் உறைந்திருக்கும். ஆனாலும் உறைபனி நாட்களில் ராத்திரி அடியோடு குறைக்காமல், மிதமாக ஒரே சீராக ஓட விடுவது நல்லது. விட்டு விட்டு ஓடினால் சொட்டுத் தண்ணீர் குழாயில் தங்கி உறைய வசதியாகிவிடும்.

அவர் போன பிறகு பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"பில்லைப் பார்த்துத்தானே செஞ்சே?"

தலையை ஆட்டினேன்.

"அது எங்க கவலைம்மா. நீ வந்திருக்கிற ஆறு மாசத்துக்கு அவர் போன வருஷத்திலேர்ந்தே எடுத்து வச்சிருக்கார். அதைத்தான் நோட்டில எழுதறார். உன்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறேன். எதுவா இருந்தாலும் என்கிட்ட சொல்லிட்டுச் செய். காலையில நான் கீழே வராம இருந்திருந்தா?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. மறுநாள் மாப்பிள்ளை வந்ததும் நானே எல்லாவற்றையும் சொன்னேன். "அத்தை, ராத்திரி சிக்கனத்தை விடுங்க. வெண்டைக்காய்ப் பச்சடி வைங்க, அது போதும்" என்று சிரித்துவிட்டார். ஆனால் அன்று ராத்திரி அவர் ஒரு தடவை இறங்கி வந்து தெர்மாஸ்டாட்டைப் பார்த்துவிட்டுப் போனது எனக்குத் தெரியும்!

துறவிகளின் கணப்பறை

ஜனவரியில் ஒரு வெயில் நாள் பார்த்துக் கிர்க்‌ஸ்டால் மடாலயத்தைக் காட்டக் கூட்டிப் போனார்கள். ஊருக்கு மூன்று மைல், ஆற்றங்கரை. கூரையில்லாமல் சுவர்கள் மட்டும் கரிய யானைகள் போல் நிற்கின்றன. 1152-ல் சிஸ்டர்சியன் துறவிகள் கட்ட ஆரம்பித்தது. 1539-ல் எட்டாம் ஹென்றி ராஜா மடாலயங்களையெல்லாம் கலைத்தபோது இதுவும் மூடப்பட்டது. அந்தத் துறவிகள் முதலில் பார்னோல்ட்ஸ்விக் என்ற இடத்தில் ஐந்து வருஷம் இருந்து பார்த்து, அங்கே குளிரும் மழையும் தாங்காமல், ஊராரோடும் ஒத்துப் போகாமல், இந்த ஆற்றங்கரைக்குக் குடி வந்தார்களாம்.

ஓரிடத்தைக் காட்டி "அம்மா, இது உனக்குத்தான்" என்றாள் பெண். அது கணப்பறை! அவ்வளவு பெரிய மடாலயத்தில், சமையலறையும் நோயாளிகள் அறையும் தவிர, சாதாரணத் துறவிகள் குளிர் காய நெருப்பு உள்ள அறை அது ஒன்றுதான். பேரனைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு அந்தக் கல்லின் மேல் சிறிது நேரம் நின்றேன். எண்ணூறு வருஷத்துக்கு முன்னால் எத்தனை பேர் இங்கே விரலை நீட்டிக்கொண்டு நின்றிருப்பார்கள்! வரும் வழியில் பாட்டிக்கு ஒரு பூங்கொத்து வாங்கினோம். நான் என் பங்குக்கு முறுக்கு சுற்றிக் கொடுத்தேன். "லவ்லி, லவ்" என்றாள்.

சகோதரிகளுக்கு

உங்கள் பெண்ணோ பிள்ளையோ குளிர் தேசத்தில் இருந்தால், அல்லது நீங்களே பிரசவம் பார்க்கப் போவதாக இருந்தால், போய் இறங்கிய வாரமே இவற்றைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பாய்லரின் புத்தகம் எங்கே? பிரஷர் முள் எங்கே, எங்கே நிற்க வேண்டும்? ரீஸெட் பொத்தான் எது? (ஒன்றிரண்டு தரத்துக்கு மேல் அழுத்திக்கொண்டே இருக்காதீர்கள்.) வெள்ளைக் குழாய் எந்தச் சுவரில் இறங்குகிறது, அதற்கு உறை இருக்கிறதா? கார்பன் மோனாக்சைடு அலாரம் வேலை செய்கிறதா? கேஸ் வாசனை வந்தால் ஸ்விட்ச் எதையும் தொடாமல், ஜன்னலைத் திறந்துவிட்டு, எல்லோரும் வெளியே போய் நின்று போன் செய்யுங்கள். இங்கிலாந்தில் அதற்கான நம்பர் 0800 111 999. அலாரம் கத்தினாலும் அதே மாதிரி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியேறுங்கள். பெட்டியின் மூடியை மட்டும் யாரும் கழற்றக் கூடாது. நம் எல்லை வெளிக்குழாய் வரைதான்.

நான் ஊர் திரும்பிய மறுநாள் கொல்லைக்குப் போய் என் செப்பு பாய்லரைப் பார்த்தேன். ஆறு மாதம் தேய்க்காமல் கறுத்துக் கிடந்தது. வீட்டுக்காரர் அதில் ஒரு நாள் கூடத் தண்ணீர் போடவில்லை. அடுப்பில்தான் சுட வைத்துக் குளித்தாராம். புளியைக் கரைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தேய்த்துக்கொண்டிருக்கும்போது லீட்ஸிலிருந்து போன். "அம்மா, இங்க இப்போ நல்ல வெயில். ஹீட்டரையே அணைச்சுட்டோம்" என்றாள் பெண்.

"உன்கிட்ட சொல்லிட்டுத்தானே அணைச்சார் மாப்பிள்ளை?" என்றேன்.

அந்தப் பக்கம் இரண்டு பேரும் சிரிப்பது கேட்டது.